நாய்க்குக் கிடைத்த கொடுப்பினை

கால்நடை டாக்டரான மகன் ஊசி போட்டதும் கிழட்டு நாயின் முனகல் அடங்கியது. கட்டிலில் அசைய முடியாமல் கிடந்த அப்பா, தன் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிம்மதியாப் போயிடுச்சுல்ல?"

"ஆமாப்பா."

"எனக்கும் அதையே போட்டுடுடா. நாய்க்கு இருக்கிற கொடுப்பினைகூடப் பெத்தவனுக்கு இல்லையா?"

"மனுஷனுக்குப் போட்டா அது கொலைப்பா. ஆயுசுக்கும் கம்பி எண்ணணும்."

"எவன்டா அப்படிச் சொன்னான்?"

மகன் மருந்துப் பெட்டியைப் பூட்டினான்.

"நீங்கதான். தன்னோட அம்மா துடிக்கிறதைப் பார்க்கச் சகிக்காம ஊசி போட்டானே, என்கூடப் படிச்சவன்... அவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தப்போ தீர்ப்புல எழுதினீங்களேப்பா. இன்னும் உள்ளேதான் இருக்கான்."

ஓய்வுபெற்ற நீதிபதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். அதற்கும் மகனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.