இரண்டு நிமிடச் சாப்பாடு

லின் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். கோமளாவின் மகள் சாய்ப்ரியா எட்டிப் பார்த்துப் படித்தாள். இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்.

பக்கத்தில் சீன எழுத்தில் அர்த்தம். அதற்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு கடிகாரம், இரண்டு நிமிடம் என்று. நேற்று மாலையும் இதே வரியைத்தான் காட்டினார்.

கோமளா சிரித்த முகமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

பல்லடத்தில் அவர்கள் கம்பெனிக்குப் பின்னல் மெஷின் மாட்ட தைவானிலிருந்து வந்தவர் லின். பெட்டியில் கொண்டுவந்த பாக்கெட்டுகள் மூன்றே நாளில் தீர்ந்துவிட்டன. சோறும் குழம்பும் தொண்டையில் இறங்கவில்லை. மெஷின் வேலை பாதியில் நிற்க, ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டார்.

கடையில் பாக்கெட் கிடைக்கும்தான். ஆனால் வீடு தேடி வந்தவருக்குப் பாக்கெட்டைப் பிரித்துப் போடவா? கோமளாவுக்கு மானம் போய்விடும்.

ஒன்றரை நிமிடத்தில் தட்டு வந்தது. ஆவி பறக்கும் வெள்ளை இழைகள், கடுகு, எலுமிச்சை, தேங்காய்ப்பூ.

லின் ஒரு வாய் வைத்தார். அப்புறம் நிமிரவே இல்லை. இரண்டாவது தட்டும் காலி. மூன்றாவதுக்கும் நீட்டினார்.

கோமளா அடுப்படிக்குள் போய்க் கிசுகிசுத்தாள். "ஏனுங்க, இன்னொரு ஈடு புழிஞ்சுபோடுங்க."

கம்பெனியில் முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அவள் கணவர் கோபாலசாமி, பனியன் நனைய, விடியலிலிருந்து மாவு பிழியும் இரும்பு மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெந்த மாவை அடைத்துக் கைப்பிடியைச் சுற்றினார்.

கிரீச்.

வெளியே லின்னின் கை அந்தரத்தில் நின்றது. மெஷின்காரர் காது.

விருந்தாளி அடுப்படிக்குள் வருவது அந்த வீட்டில் வழக்கமே இல்லை. கோமளா வாசலை மறைப்பதற்குள் வந்து நின்றுவிட்டார். ஆட்டுக்கல்லைப் பார்த்தார், இட்லிப் பானையைப் பார்த்தார், கோபாலசாமியின் கையில் எழும்பியிருந்த கொப்புளங்களைப் பார்த்தார்.

போச்சு, குட்டு உடைந்தது என்று கோமளா கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது லின் தரையில் சம்மணம் போட்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். திருகைக் கழற்றித் துடைத்து, நல்லெண்ணெய் விட்டு மாட்டி, ஒற்றை விரலால் சுற்றினார். சத்தமே இல்லை.

நோட்டில் அந்தக் குட்டிக் கடிகாரத்தை அடித்துவிட்டு சாய்ப்ரியாவிடம் நீட்டினார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தட்டில் இருந்த பலகாரத்தின் உண்மைப் பெயரை எழுதினாள். சந்தகை.

லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"டுமாரோ, மீ."