காஸுக்கு மாறிய ஜீப்

புளோறன்ஸ் ரீச்சர் கைப்பையைத் திறந்து காசை எடுத்து நீட்டினார். சிவபாதசுந்தரம் ஒரு கூச்சமும் இல்லாமல் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் மாடி பல்கனியில் நின்று இதைப் பார்த்த சிவக்கொழுந்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தீரே இந்த அநியாயத்தை?" என்று உள்ளே திரும்பி மனைவியிடம் கத்தினார். "கால் ஏலாத மனுசனை ஆசுப்பத்திரிக்கு ஏத்தினதுக்குக் காசு வாங்குறார்!"

"உங்களுக்கேன் ஊர்க்கதை?" என்றார் மனைவி. அது காதில் விழுந்தால் அவர் சிவக்கொழுந்தரே அல்ல.

சிவபாதசுந்தரம் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காடு மேடெல்லாம் ஏறி இறங்கிய தன் பழைய ஜீப்பை விற்க மனமில்லாமல் வெள்ளவத்தைக்கே கொண்டுவந்து வைத்திருந்தார். அது குடித்த பெற்றோலுக்கு, யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். அந்த நாளிலேயே அவர் ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. தொடர்மாடியில் யார் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வார்.

அப்படி ஏறியவர்களில் முதல் ஆள் நம் சிவக்கொழுந்தர்தான். கோயிலுக்கும் அந்த ஜீப், சந்தைக்கும் அந்த ஜீப்.

போன மாதம் பாமன்கடைப் பக்கம் ஒரு கராஜில் விட்டு, பின்பக்க வாங்கு இருக்கைக்குக் கீழே எரிவாயு டாங்கி பூட்டி, ஜீப்பைப் பெற்றோலிலிருந்து காஸுக்கு மாற்றினார் சிவபாதசுந்தரம். செலவு பாதியாகக் குறைந்தது. குறைந்த பிறகா மனிதருக்குக் காசு ஆசை வரவேண்டும்?

அதுவும் யாரிடம்? கீழ்வீட்டு ரீச்சரின் கணவர் வின்சன்றிடம். படியில் சறுக்கி விழுந்து, முழங்காலில் ஒப்பரேஷன் செய்து, கால் மடங்காமல் கிடக்கிற மனிதர். நீட்டிய காலோடு ஓட்டோவுக்குள் நுழைய முடியாது. வான் பிடிக்க ரீச்சரின் பென்சன் காணாது. கிளினிக்குக்கு ஒழுங்காக வராவிட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்று களுபோவில ஆசுப்பத்திரியில் டொக்டர் சொல்லியும், ஏற்கெனவே சில தடவை தவறவிட்டிருந்தார்கள்.

பின்னேரமே சிவக்கொழுந்தர் போய்க் கதவைத் தட்டினார்.

"சிவபாதம், உமக்கு வெக்கமாயில்லையே?"

"என்ன, வந்ததும் வராததுமா?"

"பெற்றோல் ஊத்தேக்க எல்லாரையும் சும்மா ஏத்தினீர். இப்ப காஸுக்கு மாத்தினாப்பிறகு ரீச்சரிட்டைக் காசு வாங்குறீர்."

"அவ தந்தா. வாங்கினன்."

"தந்தா வாங்குறதோ? என்னட்டை ஒருநாளும் வாங்கேல்லையே?"

"நீர் ஒருநாளும் தரேல்லையே."

சிவக்கொழுந்தருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"கதையை மாத்தாதையும். அந்தக் காசைத் திருப்பிக் குடும். இல்லாட்டி நானே ரீச்சரிட்டைச் சொல்லுவன், இவர் எங்களையெல்லாம் சும்மாதான் ஏத்துறவர், உங்களை ஏமாத்துறார் எண்டு."

சிவபாதசுந்தரம் பதறி எழும்பினார்.

"ஐயோ, கொழுந்தர்! அதை மட்டும் செய்து போடாதையும்."

"ஏன், பயமோ?"

"இரும், சொல்லுறன். வின்சன்ற் விழுந்த நாளிலயிருந்து நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். ரீச்சர் மாட்டன் எண்டிட்டா. 'சும்மா ஏறினா நாளைக்கு உங்கட முகத்தைப் பாக்க ஏலாது' எண்டவ. அந்த மனுசன் வீட்டுக்குள்ளயே கிடந்தது."

"பிறகு?"

"கராஜிலயிருந்து ஜீப்பைக் கொண்டுவந்த அண்டைக்கு, 'எங்க சேர், இவ்வளவு நாளும் ஜீப்பைக் காணேல்லை?' எண்டு கேட்டா. 'மாத்தக் குடுத்தனான் ரீச்சர். இனி இது காஸுக்குத்தான் ஓடும்' எண்டன். நான் காஸ் எண்டன். அவ காசு எண்டு கேட்டிட்டா."

சிவக்கொழுந்தர் வாய்விட்டுச் சிரித்தார். சிவபாதசுந்தரம் சிரிக்கவில்லை.

"அவவின்ர முகம் அப்பிடியே மலர்ந்துது, கொழுந்தர். 'காசுக்கு ஓடுறதெண்டா நாங்களும் வாறம் சேர்' எண்டா. நான் எப்பிடித் திருத்துறது? இப்ப வின்சன்றுக்கு முழங்கால் கொஞ்சம் மடங்குது."

சிவக்கொழுந்தர் வீட்டுக்குத் திரும்பினார். அன்றைக்கு மனைவி பரிமாறிய புட்டுக்குக்கூட அவர் குறை சொல்லவில்லை.

அடுத்த கிளினிக் நாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல சிவக்கொழுந்தர் கோயிலடியில் இறங்குவதற்காக முன்சீற்றில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் வின்சன்ற் வாங்கு நீளத்துக்குக் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. புளோறன்ஸ் ரீச்சர் ஏறப்போனவர், முன்சீற்றைப் பார்த்ததும் ஒரு காலை நிலத்திலேயே வைத்தபடி நின்றுவிட்டார்.

"அண்ணே, கேக்கிறனெண்டு பிழையா நினைக்காதேங்கோ. நீங்களும் காசு குடுத்துத்தானே போறீங்கள்?"

சிவபாதசுந்தரத்தின் கை சாவியில் அப்படியே நின்றது. கண்ணாடியில் ரீச்சரையும் பார்க்க முடியாமல், பக்கத்தில் இருந்தவரையும் பார்க்க முடியாமல் நேரே றோட்டைப் பார்த்தார்.

சிவக்கொழுந்தர் மெதுவாகச் சட்டைப் பையில் கைவிட்டார். அந்த ஜீப்பில் ஏறத் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு நோட்டை எடுத்து, ரீச்சருக்குத் தெரியும்படி சிவபாதசுந்தரத்தின் மடியில் போட்டார்.

"நீங்கள் ஏறுங்கோ ரீச்சர். இந்த மனுசன், பெத்த தாயெண்டாலும் காசு வாங்காமல் ஏத்தாது!"