சிவப்புப் பட்டை

"பேரு, பொறந்த தேதி சொல்லும்மா."

கட்டிலில் சுருண்டு கிடந்தவளுக்கு வலியில் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற சகோதரிதான் கடகடவென்று ஒப்பித்தாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது கை முறிந்தது வரை ஒன்றையும் விடவில்லை.

டாக்டர் தட்டச்சு செய்தபடியே சிரித்தார். "கூடப் பொறந்தா இப்படிப் பொறக்கணும். என் தம்பிக்கு என் வயசே தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. அவள் கண் கம்ப்யூட்டர் திரையின் உச்சியிலேயே இருந்தது. மனநல சிகிச்சை எடுத்தவர்களின் பெயருக்கு மேல் அங்கே ஒரு சிவப்புப் பட்டை வரும். நோயாளிகளின் நன்மைக்காக என்று சொல்லி மேலிடம் கொண்டுவந்த ஏற்பாடு.

பட்டை எதுவும் வரவில்லை. அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

அடுத்த கட்டிலில் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாத பஸ் டிரைவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார். நர்ஸ் திரையை டாக்டர் பக்கம் திருப்பிக் காட்டினாள். சிவப்பு.

"இவருக்கு வேற வேலையில்ல. தூக்க ஊசியப் போட்டு வீட்டுக்கு அனுப்புங்க."

"நிஜமாவே வலிக்குது சார்."

"வலிக்கும், வலிக்கும். தூங்கி எந்திரிச்சா பறந்துடும்." டாக்டர் அவர் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

இந்தக் கட்டிலுக்குத் திரும்பியதும் அதே குரலில் தேன் சொட்டியது. வயிற்றை மெல்ல அழுத்தினார். "இங்கயாம்மா? கொஞ்சம் பொறுத்துக்கோ." ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் மளமளவென்று நடந்தன. உடனே ஆபரேஷன் என்றார்கள்.

தள்ளிக்கொண்டு போகும்போது படுத்திருந்தவள் கூட வந்தவளின் விரலை விடவேயில்லை. "பயமா இருக்குடி."

"இன்னிக்கு நல்லாத்தானே பாக்குறாங்க. தைரியமா போ."

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தபோது டாக்டரின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா குடல்வால் வெடிச்சு உள்ளே சீழ் வச்சிருக்கு. குடல்லயும் ஒரு பகுதி அழுகிப்போச்சு, வெட்டி எடுத்துட்டோம். இனிமே மலம் போக வயித்துல பையக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கணும்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. வலி வந்த அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கும். இத்தனை நாளா வீட்ல வச்சு வேடிக்கை பாத்துட்டு இருந்தீங்களா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"போன வாரமே கூட்டிட்டு வந்தேன், டாக்டர். அன்னிக்கு அக்காவோட சொந்தப் பேரைச் சொன்னேன்."