விடுபட்ட ஒரு வரி

மாரியம்மாள் ஸ்ரீமுஷ்ணம் பேருந்தில் ஏறியது ஒரு சண்டையை முன்னிட்டே. ஆயினும் மடியில் ஒரு பீங்கான் பிள்ளையார் வீற்றிருந்தார். சண்டை பலிக்காவிட்டால் அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம் என்பது அம்மையாரின் ஏற்பாடு.

பக்கத்து இருக்கையில் பாண்டியன், பிடித்து வரப்பட்டவனைப் போல அமர்ந்திருந்தான்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் மாரியம்மாளுக்கு ஒரு சூளை உண்டு. அதன் வெப்பத்தைக் கவனித்துக்கொள்வது ஒரு சிறு கணினிப் பெட்டி. அந்தப் பெட்டியைப் பழுது பார்ப்பவன் பாண்டியன். பெட்டி எப்போதாவது ஒரு முறை ஆயிரத்து நூறு டிகிரியை ஆயிரம் என்று படித்து, மேலும் எரித்தது. இரண்டு சூளை நிறையக் கொலுப் பொம்மைகள் உருகிச் சாய்ந்துவிட்டன. நவராத்திரிக்கு ஐந்து வாரமே இருந்தது.

குற்றம் எங்கே என்று பாண்டியன் கண்டுபிடித்துவிட்டான். வெப்பத்தை அளக்கும் சில்லு, அளவை இரண்டு பாதிகளாக வைத்திருக்கிறது. கணினியோ, இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாக, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே கேட்டு வாங்கியது. அந்த இடைவெளிக்குள் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆயிரத்து நூறாகிவிட்டால், பழைய பத்தும் புதிய இரண்டு சைபரும் ஒட்டிக்கொண்டு ஆயிரமாகிவிடும். இரண்டையும் ஒரே மூச்சில் வாங்கினால் தீர்ந்தது.

ஆனால் அப்படிக் கேட்டு வாங்கும் நிரல், கணினிகளை இயக்கும் லினக்ஸ் கெர்னல் என்னும் உலகப் பொதுச் சொத்தைச் சேர்ந்தது. யாரும் திருத்தம் அனுப்பலாம். அந்தப் பகுதியைப் பராமரிப்பவர் ஒப்பினால்தான் உள்ளே ஏறும். ஏறிய திருத்தத்தையே பெட்டி செய்த நிறுவனமும் ஏற்கும். பராமரிப்பவர் வேல்விழி; குடியிருப்பு ஸ்ரீமுஷ்ணத்தில், கோயிலுக்குப் பின்தெருவில்.

பாண்டியன் எழுதி அனுப்பிய திருத்தத்தை வேல்விழி மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார்.

“ஒரே ஒரு வரி விட்டுப்போச்சாம்க்கா” என்றான் பாண்டியன், சன்னலைப் பார்த்தபடி.

இந்தக் குற்றம் முன்பு எந்த மாற்றத்தால் உள்ளே நுழைந்தது என்று ஒவ்வொரு திருத்தத்திலும் எழுதவேண்டும். அங்கே அதுதான் வழக்கமாம். எழுதித் தொலைப்பதுதானே என்று மாரியம்மாள் கேட்டதற்கு, அது பழைய கதை, சரியாகத் தெரியவில்லை என்று மழுப்பினான். அந்த அம்மாளுக்கு இதற்கு என்ன சம்பளம் என்றதற்கு, ஒன்றுமில்லை, ஓய்வு நேரத்தில் சும்மா செய்கிறார் என்றான்.

“சம்பளமே இல்லாத வேலைக்கா இவ்ளோ கெத்து?”

வேல்விழியின் வீட்டு வாசலில், சண்டையைத் தொடங்கும் முன்பே, பழக்க தோஷத்தால் மாரியம்மாள் பிள்ளையாரைக் கையில் கொடுத்துவிட்டார். பிறகு அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது. உருகிய பொம்மைகளையும், சென்னைக் கடைக்காரர் விதித்த கெடுவையும், ஒரு வரிக்காக ஒரு வூட்டு அடுப்பை அணைக்கும் அநியாயத்தையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

வேல்விழி காப்பியை இருவர் முன்னாலும் வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

“உங்க பெட்டியில ஓடுறது நாலு வருசத்துப் பழசுங்கக்கா. தப்பு எப்ப நுழைஞ்சுதுன்னு அந்த வரியில இருந்தாத்தான், எந்தெந்தப் பழசுக்கெல்லாம் திருத்தம் அனுப்பணும்னு தெரியும். இல்லன்னா புதுப் பெட்டிங்களுக்கு மட்டும் போவும். உங்க சூளை அப்படியே இருக்கும்.”

மாரியம்மாளின் பார்வை மெல்லப் பாண்டியன் மீது திரும்பியது. அவன் காப்பிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

“ஏன் தம்பி, நீ கெடுத்து வச்சதா இது?”

பாண்டியன் டம்ளரை இன்னும் மேலே தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். அதுவே மாரியம்மாளுக்குப் போதுமான வாக்குமூலமாயிற்று. பேருந்திலேயே சந்தேகப்பட்டதாகவும், தன் பொம்மைகளை உருக்கிவிட்டுத் தன்னிடமே டீயும் வடையும் வாங்கித் தின்றதாகவும் விரிவாக எடுத்துரைத்தார். பாண்டியன் அத்தனையையும் வாங்கிக்கொண்டான்.

“யாரு பண்ணியிருந்தாலும் எழுத வேண்டியதுதானேம்மா? தலையவா வாங்கிடுவாங்க?” என்று மாரியம்மாள் வேல்விழியிடம் கேட்டார்.

“வாங்க மாட்டாங்க. பேரு மட்டும் நிக்கும். உலகம் பூரா படிப்பாங்க.”

“நீங்களே அந்த வரியச் சேத்துக்கிட்டா?”

“இது அவரு கையெழுத்துப் போட்டு அனுப்புன கடுதாசி மாதிரிங்கக்கா. அவரு சொல்லாதத நான் சேக்கக் கூடாது.”

வேல்விழி தம் மடிக்கணினியைப் பாண்டியன் பக்கம் நகர்த்தினார்.

“எழுதுங்க பாண்டியன். மூணு தடவ மெயில்ல கேட்டேன். இப்ப காப்பி போட்டுக் குடுத்துக் கேக்குறேன்.”

“வேணாங்க மேடம்.”

“அப்ப இந்த அக்கா சூளை?”

பாண்டியன் மாரியம்மாளை ஒருமுறை பார்த்தான். பிறகு, விசைகள் சுடுவதைப்போல, ஒவ்வொன்றாகத் தொட்டு எழுதினான். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மாற்றத்தின் எண், அதன் தலைப்பு, அடுத்த வரியில், அந்த மாற்றத்தை எழுதியவருக்கும் ஒரு நகல் போகவேண்டும் என்ற முறைப்படி, ஒரு பெயர்.

மாரியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். எல்லாம் ஆங்கில எழுத்துகள்.

“யாரு பேரும்மா போட்டிருக்கான்? அவன் பேருதானே?”

வேல்விழி திரையைப் பார்க்காமலே சொன்னார்:

“எம் பேருங்கக்கா. தப்பு என்னோடதுன்னு மொத நாளே பாத்துட்டேன். இவருதான் எனக்கு மரியாத குடுக்குறேன்னு மூணு தடவையும் மறைச்சுட்டாரு.”