குரலுக்குச் சொந்தக்காரர்

இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் வேகத்தைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள்.

நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓட வேண்டிய தட்டு. முப்பத்து மூன்று என்று போட்டுவிட்டார்கள். வாங்கியவன் எல்லாம் தாளை நம்பி மெதுவாக ஓட விட்டான். துள்ளிக் குதித்த பாட்டு, பாரம் ஏற்றிய வண்டி மாதிரி இழுத்துக்கொண்டு போனது. பாடியவள் பெண். கேட்டது ஆண் குரல். அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து.

'தூங்குமூஞ்சிக் கோஷ்டி' என்று பெயர் வைத்தார்கள். அவள் மேடை ஏறினால், "மீசை எங்கே?" என்று கத்தினார்கள். மூன்றாவது கச்சேரியோடு நிறுத்திக்கொண்டாள். அதன் பிறகு துணி மடிக்கும்போதுகூட ஒரு வரி முணுமுணுத்ததில்லை.

கம்பெனி தாளை மாற்றித் தரவில்லை. கடையை மூடிக்கொண்டு போய்விட்டது.

நாற்பது வருஷம் ஓடியது. இன்றைய பிள்ளைகள் எங்கிருந்தோ அந்தத் தட்டைத் தோண்டி எடுத்தார்கள். மெதுவாகத்தான் கேட்டார்கள். ஆனால் கொண்டாடினார்கள். அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு சத்தமா, காலத்தை முந்திய குழு, அந்தக் கனத்த குரல் யாருடையது என்று ஒரே பேச்சு.

புதுக் கம்பெனி ஒன்று விழா எடுத்தது. அரங்கில் நிற்க இடமில்லை.

முன் வரிசையில் அவள். பக்கத்தில் அவள் புருஷன், அந்தக் குழுவின் டிரம்ஸ்காரர். மேடையில் அவள் அண்ணன், குழுவின் கிட்டார்காரர்.

"இதோ! அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்!" என்று அண்ணனைக் காட்டினான் தொகுப்பாளன்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அண்ணன் எழுந்து நின்றார். மறுக்கவில்லை.

டிரம்ஸ்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பாத்தியா உங்கண்ணன் லட்சணத்தை?"

"மெதுவா பேசுங்க."

"எதுக்கு மெதுவா? ஒரு வரி பாடினவன் இல்ல. கோரஸுக்கே வாயை மட்டும்தான் அசைப்பான். இப்ப சொந்தக்காரனாம், சொந்தக்காரன்!"

"விடுங்க. யார் பாடினா என்ன இப்போ?"

"நீ இப்படி விட்டு விட்டுத்தான் அவன் தலையில கிரீடம் ஏறுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். "மீசை எங்கேன்னு கத்தினப்ப, மேடையில உக்காந்து நீங்களும்தானே சிரிச்சீங்க?"

டிரம்ஸ்காரர் கொஞ்சம் தணிந்தார். "அது வயசுக் கோளாறு. இது களவாணித்தனம்."

மேடையில் தொகுப்பாளன் விடுவதாக இல்லை. "ஐயா, ஒரே ஒரு வரி. அந்தக் குரல்ல."

"தொண்டை கட்டியிருக்கு தம்பி."

"கட்டாம என்ன செய்யும்? முழுப் பொய்யை முழுங்கின தொண்டை!" என்றார் டிரம்ஸ்காரர், மூன்று வரிசைக்குக் கேட்கும்படி. பின்னாலிருந்து ஒருத்தி, "தாத்தா, உஷ்!" என்றாள்.

"தட்டையே போட்டுடலாமே. என்னைவிட அது நல்லாப் பாடும்," என்றார் அண்ணன்.

கூட்டம் சிரித்தது. மேடை ஓரத்தில் மேஜைமேல் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று அழகுக்கு வைத்திருந்தார்கள். தொகுப்பாளன் தட்டை எடுத்து வரச் சொன்னான்.

டிரம்ஸ்காரர் எழுந்துவிட்டார்.

"எங்க போறீங்க?"

"மேல. மைக்கைப் பிடுங்கி எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

"ஐயோ, உக்காருங்க. மானம் போகுது."

"போன மானத்தை வாங்கத்தான் போறேன்."

மேடைப் படி செங்குத்து. முழங்கால் மடங்கவில்லை. கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, கண்ணைப் படியிலேயே வைத்து, மச்சானைத் திட்டிக்கொண்டே ஏறினார்.

பாதிப் படியில் பாட்டு வந்தது.

கால் நின்றுவிட்டது.

கிணற்றுக் குரல் இல்லை. பளிச்சென்று ஒரு இளம்பெண்ணின் குரல், எகிறிக் குதித்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே அவருடைய சொந்த டிரம்ஸ், அதை விரட்டிக்கொண்டு. அவர்கள் வாசித்த வேகம். தட்டில் யாரும் கேட்காத வேகம்.

கூட்டம் விழித்தது. "இது வேற பாட்டா?" "எங்கய்யா அந்தக் குரல்?" ஒருவன் நாற்காலிமேல் ஏறி நின்று, "ஒழுங்கா போடுங்கய்யா!" என்றான்.

தொகுப்பாளன் ஓடி வந்தான். "வேகம் தப்பு! தாள்ல முப்பத்து மூணுன்னு தெளிவா போட்டிருக்கே!" பிளேயர் பக்கம் கையை நீட்டினான்.

நீட்டிய கையில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது.

"தாள்தான்யா தப்பு. போன்ல எத்தனை தடவை சொல்றது? பொம்பளை பாடினதுன்னா விழாவே கிடையாதுன்னாரு உங்க முதலாளி. சரி, முதல்ல கூட்டம் சேரட்டும்னு இருந்தேன். பாடினவ அதோ, முன் வரிசையில உக்காந்திருக்கா. எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க."

அரங்கத்துத் தலைகள் மொத்தமும் திரும்பின. அவள் யாரையும் பார்க்கவில்லை. தட்டோடு சேர்ந்து உதடு அசைந்தது. அடுத்த வரியில் சத்தமும் வந்தது. கொஞ்சம் பிசிறு. ஆனால் அதே குரல்.

டிரம்ஸ்காரர் மெல்லத் தலையைத் தூக்கினார்.

வேகம் மாற்றும் பொத்தானை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஒருவனையும் கிட்டே விடாமல் முறைத்துக்கொண்டு நின்றது, அவருடைய களவாணி மச்சான்.