நாற்பது எழுத்து

“வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த நாற்பதை எடுத்துடுங்க மேடம். இல்லைன்னா இந்த வேலையையே வேற ஆள்கிட்ட கொடுக்க வேண்டியிருக்கும்” என்றார் புதிய டீம் லீடர்.

“வேற எதை வேணும்னாலும் மாத்தறேன் சார். நாற்பது மட்டும் இருக்கட்டும்.”

அந்த அம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆபீசில் பெயர் மட்டும் ‘நாற்பது அக்கா’.

அவர்கள் செய்வது ஒரு விசித்திரமான மென்பொருள். ஒரு மொழியின் இலக்கண விதிகளைக் கொடுத்தால் போதும், அந்த மொழியில் வரும் கட்டளைகளைப் படித்துப் பிரிக்கிற புரோகிராமை அதுவே எழுதித் தள்ளிவிடும். எழுதுகிற வரியை எங்கே மடக்குவது, எத்தனை இடம் தள்ளித் தொடங்குவது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள, அதற்குள் தனியாக ஒரு சின்னப் பகுதி உண்டு. அது அக்காவின் கையில். ஒரு வரிக்கு நாற்பது எழுத்து, அதற்கு மேல் ஒன்றுகூடப் போகாது. ஊரெல்லாம் நாலு இடம் தள்ளி எழுதினால், அக்கா ஒரே ஒரு இடம்தான் தள்ளுவார்.

“மெஷின் எழுதறதை மெஷின்தானே படிக்கப் போகுது? இதுல இவ்வளவு பிடிவாதம் எதுக்கு? ‘இது புரோகிராமா, கவிதையா’ன்னு கஸ்டமர் கேக்கறாராம். மேனேஜர் என்னைப் பிடிச்சுத் திட்டறார்.”

“பழகிப்போச்சு சார்.”

இதற்கு மேல் என்ன பேசுவது? லீடர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வேலை மாற்றக் கடிதத்தை டைப் செய்து வைத்துவிட்டார். தேதி மட்டும்தான் பாக்கி.

வியாழக்கிழமை காலையில் வேறு தலைவலி வந்தது. அவர்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்த புரோகிராம், கஸ்டமரின் கட்டளைகளைத் தப்புத் தப்பாகப் படித்தது. பதினோராயிரம் வரி. நாலு பேர் மத்தியானம் வரை முட்டி மோதினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

“கீழ் மாடி டெஸ்டருக்கு அனுப்பிப் பாருங்க” என்றார் ஒருவர். பிழை கண்டுபிடிப்பதே வேலையான அந்த டெஸ்டரின் குரலை லீடர் போனில் கேட்டிருக்கிறாரே தவிர, ஆளைப் பார்த்ததில்லை.

அனுப்பினார்கள். இருபத்தைந்தே நிமிடத்தில் போன் வந்தது.

“ஏழாயிரத்து முந்நூத்திப் பதினாறாவது வரி சார். ரெண்டு நிபந்தனையில ஒண்ணு இருந்தாப் போதும்னு இருக்கணும். ரெண்டுமே வேணும்னு எழுதியிருக்கு.”

போய்ப் பார்த்தால், அதேதான்!

லீடருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இப்படியும் ஒரு கண்ணா! நேரில் கைகொடுத்தே ஆக வேண்டும் என்று படியிறங்கினார். அப்படியே, ‘இந்த நாற்பது பெரிய தொல்லை’ என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் அக்காவின் வாயை அடைக்கலாம் என்றும் ஒரு கணக்கு.

டெஸ்டரின் மேஜையில் மானிட்டர் இருண்டு கிடந்தது.

“மேல் மாடி லீடர் சார். மானிட்டர் ரிப்பேரா?”

“வாங்க சார், உட்காருங்க. மானிட்டர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் போடறதில்லை. எனக்கு எதுக்கு?” என்று சிரித்தார். அவர் பார்வை லீடரின் தோளைத் தாண்டி எங்கேயோ இருந்தது.

கீபோர்டுக்குக் கீழே நீளமாக ஒரு பட்டை. அதில் பொடிப் பொடிப் புள்ளிகள் எழும்புவதும் அமுங்குவதுமாக இருந்தன. பிரெயில்! டெஸ்டரின் விரல்கள் அதன் மேல் ஓடின. ஒரு வரி, அடுத்த வரி, அதற்கடுத்த வரி. லீடர் கண்ணால் படிப்பதைவிட அந்த விரல்கள் வேகமாகப் போயின.

லீடர் குனிந்து பார்த்தார். பதினோராயிரம் வரியில் அந்த ஒரு வரியை இந்த விரல்களா கண்டுபிடித்தன?

“என்ன சார், சத்தத்தையே காணோம்?”

“இல்லை... ஒவ்வொரு வரியும் முழுசா இதுல தெரியுமா?”

“நாற்பது எழுத்து தெரியும். மத்தவங்க எழுதற புரோகிராம்னா ஒரு வரிக்கு மூணு தடவை பட்டன் தட்டணும். உங்க மென்பொருளும் அப்படித்தான் இருந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி திடீர்னு ஒரு நாள், எல்லா வரியும் கச்சிதமா உள்ளே வந்து உட்கார்ந்துடுச்சு. யாரு புண்ணியமோ!”

“நீங்க கேட்டீங்களா?”

“கேட்டிருந்தா ஒரு மீட்டிங் போட்டு, கேக் வெட்டி, என்னை நடுவுல நிக்கவெச்சுப் போட்டோ எடுத்திருப்பாங்க. எதுக்கு சார் அந்த வம்பு?”

லீடர் மேலே வந்தார். நேராக அக்காவின் மேஜைக்குப் போனார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

“அவருக்கு வந்த பார்சல் ஒரு தடவை நம்ம மாடிக்கு வந்துடுச்சு சார். டப்பா மேலேயே ‘பிரெயில், நாற்பது எழுத்து’ன்னு போட்டிருந்தது.”

“அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! இந்த வேலையிலேர்ந்தே உங்களை மாத்த இருந்தேன்.”

“சொல்லாம செஞ்சா அது வேலை சார். சொல்லிட்டுச் செஞ்சா தர்மம் பண்ற மாதிரி ஆயிடும். அவர் இங்கே வேலை பாக்க வந்தவர்.”

லீடருக்கு அந்த அம்மாவை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. இரண்டு வருடமாக ஆபீஸே கேலி செய்திருக்கிறது. ஒரு வார்த்தை விடவில்லையே!

தன் அறைக்கு வந்து கடிதத்தை அழித்தார். அதற்குள் மேனேஜரின் போன்.

“என்னய்யா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. அந்த நாற்பது இன்னும் அப்படியே இருக்காமே? கஸ்டமருக்கு நான் என்ன பதில் சொல்றது? அதைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கற பைத்தியம் யாரு, பேரைச் சொல்லு!”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். லீடர் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான்தான் சார். எனக்கு அப்படியே பழகிப்போச்சு.”