மாடிப்படியில் ஒரு மீன் முள்

“வீட்ல மீன் பொரிச்சியா, மகா?”

சனிக்கிழமை காலை, கதவைத் திறந்ததும் முதல் கேள்வியே இதுதான். வாசலில் வீட்டுக்காரம்மா பாகீரதி. கையில் இடுக்கி. இடுக்கியின் நுனியில் ஒரு மீன் முள், தலையோடு.

“இல்லையே ஆன்ட்டி!”

“மாடிப்படியில கெடந்தது. தானா நடந்தா வந்தது?”

மகா அந்த முள்ளையே பார்த்தாள். ஆம்பூர்க்காரி அவள். காக்ஸ் டவுனில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருஷமாகிறது. இன்றுவரை அடுப்படியில் ஒரு முட்டைகூட உடைத்ததில்லை. அக்ரிமெண்டில் முதல் வரியே அதுதான். நாக்கு கேட்காத ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டலுக்குப் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, படியேறுமுன் வாயில் ஏலக்காய் போட்டுக்கொள்கிறவள்.

“ஆன்ட்டி, இது மிக்சர் வேலையா இருக்கும்.”

மிக்சர் அவளுடைய பூனை. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் எல்லாவற்றையும் கலந்து கொட்டிய மாதிரி உடம்பு. எலித் தொல்லைக்காகப் பாகீரதியே போனால் போகிறதென்று அனுமதித்தது. இதுவரை எலி பிடித்ததாகத் தகவல் இல்லை. மற்ற வேலைகளில் குறை வைக்காது. ஆபீஸ் மீட்டிங்கில் மகா வாயைத் திறந்தால் லேப்டாப் மேல் ஏறி உட்காரும். மேஜை ஓரத்தில் டம்ளர் இருந்தால், அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாகத் தட்டிவிடும். போர்வைக்குள் கால் விரல் அசைந்தால் பாயும். பிறகு சமாதானத்துக்கு எங்கிருந்தோ பரிசு கொண்டுவரும். பல்லி வால், யாருடையதோ ஒற்றைச் சாக்ஸ், இப்படி.

“வாயில்லா ஜீவன் மேல பழியைப் போடாதே!” பாகீரதியின் குரல் ஏறியது. எதிர்வீட்டு ஜானகி வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டு, வாளியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தாள். “நாங்க வெங்காயத்தையே யோசிச்சு நறுக்குறவங்க. நாப்பது வருஷமா இந்த வீட்ல இப்படி ஒண்ணு நடந்ததில்லே. அடுத்த மாசம் வேற வீடு பாத்துக்கோ!”

கீழே வராந்தாவில் பாகீரதியின் கணவர் கோவிந்தப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

“சின்னப் பொண்ணு, விட்டுடேன் பாகீ...” என்றது பேப்பர்.

“நீங்க சும்னே இருங்க!” பாகீரதிக்குக் கோபம் வந்தால் கன்னடமும் கலந்து வரும்.

மகாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பூனை என்றதுமே பதினொரு வீட்டில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். பன்னிரண்டாவது இந்த வீடு. இதை விட்டால் மிக்சரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

மறுநாள் அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தாள். பதினொரு மணிக்கு மிக்சர் எழுந்தது. முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்தது. ஆபீசுக்கு நேரமாகிவிட்ட மாதிரி ஜன்னல் வழியே இறங்கி, மொட்டை மாடிக்கு ஏறியது.

தண்ணீர் டேங்குக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் கோவிந்தப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் வாழையிலைப் பொட்டலம். பொரித்த மீன். தனக்கொரு வாய், மிக்சருக்கொரு வாய்.

மகாவைப் பார்த்ததும் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போய் வாங்கிட்டு வந்தேம்மா. ரிட்டயர் ஆனப்புறம் ஒட்டிக்கிட்ட பழக்கம். பாகீரதிக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. சொல்லிடாதே, உன் கால்ல வேணா விழறேன்.”

“அப்போ எனக்கு வீடு போகுதே, அங்கிள்?”

அவர் பொட்டலத்தைப் பக்கெட் மேல் வைத்துவிட்டுக் கைகூப்பினார். கண் கலங்கியது. அந்த இடைவெளியில் மிச்ச மீனையும் மிக்சர் முடித்துவிட்டது.

மகா கீழே இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் ஒரு யோசனை. சொன்னால் வீடு தங்கும், இந்த வயதில் ஒரு குடும்பம் உடையும். கடைசிப் படிக்கு வந்தபோது முடிவெடுத்துவிட்டாள். அப்படி ஒரு முடிவை எடுத்ததில் அவளுக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

“ஆன்ட்டி, நான்தான் பொரிச்சேன். தப்புதான். இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்க.”

பாகீரதி தெருவை எட்டிப் பார்த்தாள். வாசல் கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காரு. மாடியில பாத்துட்டுத்தானே வர்றே?”

மகா திடுக்கிட்டாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“கோயிலுக்குப் போய் வந்தவர் மேல மீன் மசாலா வாசனை அடிச்சா தெரியாதா? ஏழு வருஷமா தெரியும். நான் கேட்டுட்டா அந்த மனுஷன் அப்புறம் என் முகத்தையே நிமிர்ந்து பார்க்க மாட்டார். அதான் கேக்கலை.”

“அப்புறம் ஏன் ஆன்ட்டி என்னை காலி பண்ணச் சொன்னீங்க?”

“அய்யோ, அது உனக்குச் சொன்னதில்லே, தெருவுக்குச் சொன்னது! அந்த முள்ளை முதல்ல பார்த்தவளே ஜானகிதான். யார் பேரையாவது நான் சொல்லியாகணுமே. நீ தாராளமா இரு. பூனையையும் எங்கேயும் அனுப்பிடாதே. அது வந்தப்புறம்தான் இவர் பங்கு பாதியாச்சு, கொலஸ்ட்ரால் எறங்கியிருக்கு.”

மகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது.

“அப்போ தெருவுல எல்லாரும் நான்தான் ஏமாத்திச் சமைச்சேன்னு நினைப்பாங்களே, ஆன்ட்டி?”

பாகீரதி ரொம்ப வாஞ்சையோடு அவள் கன்னத்தைத் தட்டினாள்.

“நினைச்சுட்டுப் போகட்டுமே, கண்ணு. நீங்கல்லாம் சாப்பிடறவங்கதானே, உங்களுக்கு இதுல என்ன அவமானம்?”